குழந்தைச் செவிக்குப் பல்வகை இசை

பிறந்த குழந்தையின் கண் ஒளியைப் பழகிக்கொள்வதற்கு முன்பே அதன் செவி ஒலியைப் பழகிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஆறேழு திங்கள் நிறையும்போதே கரு ஒலியை உணரத் தொடங்குகிறது என்று உடல்நூல் வல்லார் கண்டிருக்கின்றனர். பிறந்த சில நாட்களுக்குள் தாயின் குரலைப் பிறர் குரலினின்றும் பிரித்தறியும் ஆற்றல் குழந்தைக்கு உண்டு என்பதும் ஆராய்ந்து அறியப்பட்ட உண்மை. இவ்வாறு திறந்த வாயிலோடு பிறக்கும் செவிக்குள் எத்தகைய இசையை, எவ்வாறு செலுத்துவது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்கப் புகும் பொருளாகும்.

பெற்றோர் ஆற்றவேண்டிய கடமையைப் பற்றி மாணவர்களிடம் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் வினவலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உங்களுள் பலர் ஏற்கெனவே அண்ணன்மார், அக்கைமார். வீட்டில் வானொலியைத் திருப்புபவரும், கைப்பேசியில் பாட்டைத் தெரிந்தெடுப்பவரும் பெரும்பாலும் நீங்களே. உங்கள் தம்பி தங்கையர் கேட்பது நீங்கள் கேட்பதைத்தான். இஃது ஒன்று. இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் பெற்றோர் ஆவீர்கள். அப்பொழுது இதைப் பற்றிச் சிந்திக்க நேரம் இராது. குழந்தையின் அழுகை சிந்தனைக்கு இடம் கொடாது. ஆதலின் இப்பொழுதே சிந்தித்தல் நன்று. இது மற்றொன்று.

முதலில் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். குழந்தைக்கு இசையை அறிமுகப்படுத்துதல் என்றவுடன், ஐந்தாம் வயதில் பாட்டு வகுப்பில் சேர்ப்பதும், பத்தாம் வயதில் மேடை ஏற்றுவதும் பலர் நினைவிற்கு வருகின்றன. பாட்டு வகுப்பு நல்லதே. ஆனால் கற்பித்தல் வேறு. அறிமுகம் செய்தல் வேறு. கற்பித்தல் ஒரு துறையில் கையையும் குரலையும் பழக்குகிறது. அறிமுகம் பல துறைகளின்பால் உள்ளத்தைத் திறந்து வைக்கிறது. முன்னதற்கு ஆசிரியர் வேண்டும். பின்னதற்குப் பெற்றோரே போதும், அவர்கள் இசை பயின்றவராய் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தனக்குப் பழக்கமில்லாத ஓர் இசை காதில் விழும்போது, முகத்தைச் சுளித்துக்கொள்ளாமல், “இஃது என்ன? யார் பாடுகின்றனர்? ஏன் இப்படிப் பாடுகின்றனர்?” என்று கேட்கும் பழக்கம் ஒரு குழந்தைக்கு வந்துவிடுமானால், அறிமுகம் தன் பயனைத் தந்துவிட்டது எனலாம்.

இப் பழக்கத்தை இளமையிலேயே ஏன் உண்டாக்கவேண்டும்? இதற்கு விடை கூறும் அரிய ஆராய்ச்சி ஒன்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. எரின் ஹானன், சான்ட்ரா ட்ரெஹப் என்னும் இரண்டு உளநூல் அறிஞர்கள் வட அமெரிக்காவில் அதனை நடத்தினர். பல்கேரியா, மாசிடோனியா முதலிய பால்கன் நாடுகளின் ஆடற்பாட்டுகளில் தாளம் இரண்டும் மூன்றுமாகச் சமமின்றிப் பிரிந்து ஏழு எண்ணிக்கையாக வருவது உண்டு. மேனாட்டுப் பாட்டுகளிலோ இரண்டு, நான்கு எனச் சமமாகப் பிரியும் தாளமே பெரும்பான்மை. பால்கன் பாட்டு ஒன்றின் தாளத்தை இடையில் குலைத்துக் காட்டியபோது, வட அமெரிக்கப் பெரியவர்கள் அக் குறையைக் கண்டுகொள்ளவில்லை. அந்நாட்டு ஆறு மாதக் குழந்தைகளோ கண்டுகொண்டன. அதனினும் வியப்பு என்னவெனின், பன்னிரண்டு மாதக் குழந்தைகள் பெரியவர்களைப் போலவே அதனைத் தவறவிட்டன. ஓராண்டிற்குள் செவி தன் வீட்டுத் தாளத்திற்கு அமைந்துவிட்டது! ஆயினும் அக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வீட்டிலேயே அந்தப் பால்கன் இசையைச் சிறிது சிறிது நேரம் கேட்பித்தபோது, இழந்த திறன் மீண்டது. பெரியவர்களுக்கு அவ்வாறே கேட்பித்தும் அந்த அளவு பயன் விளையவில்லை.

இந்த ஏழு எண்ணிக்கை தமிழ்க் குழந்தைக்குப் புதிதன்று. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக வரும் மிச்ர சாபு தாளம் அதுவே. தக தகிட என்னும் ஐந்து எண்ணிக்கைக் கண்ட சாபுவும் நம் வீட்டுச் சொத்தே. நம் குழந்தைகள் இவற்றிற்கு இயல்பாகத் தலையசைப்பது பிறவியில் வந்த பெருமை அன்று. காதில் விழுந்த பழக்கம். அங்ஙனமாயின், நம் காதில் விழாமற்போன இசைகள் எத்தனையோ! அவற்றிற்கு நம் செவி மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. பிறகு, மூடிய செவியை உடையவர், “அவ்விசையில் ஒன்றும் இல்லை” என்று தீர்ப்புக் கூறுகின்றனர். பெரியவர் புதிய இசையைக் கற்கவே இயலாது என்பது இதன் பொருள் அன்று. சிறுவர்க்கு எளிதில் கைவருவது பெரியவர்க்கு முயன்று வரவேண்டியிருக்கிறது என்பதே பொருள்.

பல்வகை இசையைப் போற்றுவது வெளியிலிருந்து வந்த புது வழக்கம் என்று எண்ணிவிடவேண்டா. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்து, தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே கூறுகின்றார். குறிஞ்சிக்கு ஒரு பறை, முல்லைக்கு ஒரு பறை. மருதத்திற்கு ஒரு யாழ், நெய்தற்கு ஒரு யாழ். மக்கள் உண்ணும் உணவு நிலந்தோறும் வேறுபடுவது எவ்வளவு இயற்கையோ, அவ்வளவு இயற்கை அவர்தம் இசை வேறுபடுவதும் என்பது பண்டைத் தமிழர் கருத்து.

இளங்கோவடிகள் இக் கருத்தைக் காப்பியமாகவே ஆக்கிக் காட்டினார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் சூழ அரசவைக்குரிய செவ்விசையைக் காண்கின்றோம். அதே நூலில் கடற்கரையின் கானல்வரி உண்டு. பாலைநிலத்து எயினரின் வேட்டுவ வரி உண்டு. ஆயர்சேரியின் குரவை உண்டு. மலைவாழ் குறவரின் குன்றக் குரவை உண்டு. முடிவில் வரும் வாழ்த்துக் காதையில் மகளிர் அம்மானை ஆடும் பாட்டும், பந்தடிக்கும் பாட்டும், ஊசலாடும் பாட்டும், உலக்கையால் குற்றும்போது பாடும் வள்ளைப் பாட்டும் இடம் பெறுகின்றன. ஆய்ச்சியர் குரவையில், ஆடவந்த ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரையே இட்டு வட்டமாக நிறுத்துகின்றனர். அரண்மனை அரங்கில் ஒலித்த அதே ஏழு சுரங்கள் மாட்டுத் தொழுவத்தின் அருகே ஏழு பெண்களாக நிற்கின்றன. இதனினும் சிறந்த இசைப் பாடம் ஒரு குழந்தைக்கு வேறு உண்டோ?

இனி, ஒவ்வோர் இசைக்கும் உரிய வாயில் எது என்று பார்ப்போம். ஒரு வீட்டிற்குள் அதன் வாயில் வழியே நுழையவேண்டும். சுவரில் முட்டிக்கொண்டு வீடு நன்றாக இல்லை என்று கூறலாகாது. இசையும் அத்தகையதே.

கருநாடக இசையில் ஒரு நேரத்தில் ஓர் இன்னிசை வரியே முதன்மையாக ஓடுகிறது. அதன் உயிர், சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே உள்ள அசைவிலும் வளைவிலும் இருக்கிறது. இதனைக் கமகம் என்பர். ஆதலின் குழந்தையிடம், “இந்தச் சுரம் ஆடுகிறதா, அசையாமல் நிற்கிறதா?” என்று கேட்கலாம். தாளத்தைக் கையால் போட்டுக் காட்டலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு இராகத்தின் பெயர் தேவையில்லை; தாளம் மீண்டும் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கைதட்டினால் அதுவே பெரு மகிழ்ச்சி.

இந்துஸ்தானி இசையில் இராகம் மெல்ல மெல்ல மலர்கிறது. விடியற்காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, நள்ளிரவுக்கு ஒன்று எனப் பொழுதுகளோடு இராகங்களை இணைத்துப் பேசும் மரபு அங்கே வலுவாக உண்டு. இதற்கு வாயில் பொறுமையே. மாலை விளக்கேற்றிய பின் வீட்டில் பேச்சொலி அடங்கிய ஒரு கால்மணி நேரம் அதற்கு ஏற்றது.

மேனாட்டுச் செவ்விசையின் சிறப்பு, பல சுரங்களும் பல குரல்களும் ஒரே நேரத்தில் ஒலித்து ஒன்றோடொன்று இயைவது. நம் இசைக்குப் பழகிய செவிக்கு முதலில் அது கூட்டத்தின் இரைச்சலாகத் தோன்றக்கூடும். ஆகையால் குழந்தையிடம், “எத்தனை கருவிகள் பேசுகின்றன? எது முன்னே வருகிறது, எது பின்னே போகிறது?” என்று கேட்கவேண்டும். இதற்கென்றே ருசிய இசைவாணர் செர்கை புரோகோபியெவ் 1936ஆம் ஆண்டில் “பீட்டரும் ஓநாயும்” என்ற இசைக்கதையை இயற்றினார். அதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பாசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள், பீட்டர் என்ற சிறுவனுக்கு வயலின் முதலிய தந்திக் கருவிகள். கதையைக் கேட்டுக்கொண்டே குழந்தை கருவிகளின் குரலை அறிந்துகொள்கிறது. அரைமணிக்கும் குறைவான நேரத்தில் முடியும் அவ்விசைக்கதை, நம் வீடுகளிலும் கேட்கத்தக்கது.

கதையும் இசையும் கலந்த செல்வம் நம்மிடமும் உண்டு. நெல்லை, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டு அத்தகையது. வில்லின் நாணில் வீசுகோல் படும்போது கட்டிய மணிகள் ஒலிக்க, குடமும் உடுக்கையும் துணை செய்ய, தலைவர் கதை சொல்ல, அருகிருப்பவர் “ஆமாம்” போடும் அழகைக் குழந்தைகள் ஒருமுறை கண்டால் மறவார். வில்லிசை வேந்தர் எனப் புகழ்பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022ஆம் ஆண்டில் மறைந்தார்; அவர் வானொலியிலும் மேடைகளிலும் அக்கலையைப் பல தலைமுறைகளுக்குக் கொண்டு சென்றவர்.

நாட்டுப்புறப் பாடலுக்கு வாயில் தொழில். ஏற்றம் இறைப்பவர் பாடும் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்று எண்ணும் கணக்கும் அதனுள் அடங்கியிருந்தது. நடவுப் பாட்டு பல கைகளை ஒரே வேகத்தில் இயங்கச் செய்தது. ஏற்றம் இன்று வயலினின்றும் மறைந்துவிட்டது. ஆயினும் பாட்டைக் கேட்பிக்கும்போது, “இதனைப் பாடியவர் கைகள் அப்பொழுது என்ன செய்துகொண்டிருந்தன?” என்று கேட்டால், குழந்தை பாட்டினுள்ளே உழைக்கும் மனிதரைக் காணும்.

இவ்வாறே தேவாரம் ஓதுவார் பாடும் பண்களும், அருணகிரிநாதரின் திருப்புகழில் வரும் பலவகைச் சந்தங்களும், வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளும், நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கம்பீரமான இசுலாமியப் பாடல்களும் நம் தெருக்களிலேயே ஒலிப்பவை. சமயம் வேறாயினும் செவிக்கு அவை அயல் அல்ல. அண்டை வீட்டாரின் பாட்டை அறிந்த குழந்தைக்கு அண்டை வீட்டார் அயலார் ஆவதில்லை.

பெற்றோர் இவற்றைச் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, தாயும் தந்தையும் தாமே பாடவேண்டும். “எனக்குக் குரல் இல்லை” என்று கூறி ஒதுங்குவோர் பலர். குழந்தை குரலின் இனிமையைத் தேர்வு செய்ய வரவில்லை. தன்னை நோக்கி ஒருவர் பாடுகின்றார் என்பதே அதற்கு வேண்டுவது. பாட்டியிடம் உள்ள தாலாட்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்தக் குடும்பத்துத் தாலாட்டில் அவ்வக் குடும்பத்து மாமன்மார் பெயரும் ஊர்ப்பெயரும் ஏறியிருக்கும். அஃது எந்தக் கடையிலும் கிடைக்காது. பாட்டியோடு போய்விட்டால் மீளாது.

இரண்டாவது, இசையை அது வாழும் இடத்தில் காட்டவேண்டும். ஒலிப்பதிவு, மனிதர் முகத்தைக் காட்டாது. கோயில் திருவிழாவில் நாதசுரக்காரர் இளைப்பாறும்போது பணிவாகக் கேட்டால், சீவாளியை எடுத்துக் காட்ட மறுக்கமாட்டார். தவிற்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை அணிந்தும், இடக்கையில் கோல் பிடித்தும் வாசிப்பதைக் குழந்தை அருகிருந்து காணட்டும். மிருதங்கத்தின் வலப்பக்கத்துக் கரிய வட்டம் ஏன் இருக்கிறது, வயலின் வில் எதனால் ஆயது, கடம் எந்த ஊர் மண் என்று கேட்கட்டும். மானாமதுரையின் மண் ஓர் இசைக்கருவி ஆகிறது என்று அறியும் சிறுவன், மண்பானையையும் தட்டிப் பார்ப்பான். அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவேண்டா. பானையை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிறிது சிறிதாகவும் மீண்டும் மீண்டும் கேட்பிக்கவேண்டும். பத்து நிமிடம் போதும். ஒரு வாரம் ஒரே பாட்டைக் கேட்பது, ஒரே நாளில் எழுபது பாட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கேட்பதினும் பயன் தரும். முதல்முறை அயலாகத் தோன்றுவது நான்காம் முறை அறிந்த முகமாகிவிடும். இன்றைக்குக் கைப்பேசியில் உலகத்து இசை முழுவதும் கிடைக்கிறது. ஆயின், நாம் முன்னர் விரும்பிக் கேட்டதைப் போன்றதையே மேலும் மேலும் எடுத்துக் கொடுக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. வாயில் பெரிது, ஆனால் அது நம்மை ஒரே அறைக்குள் சுற்றிவரச் செய்கிறது. பிற அறைகளைத் திறந்து காட்டப் பெற்றோரின் கை வேண்டும்.

நான்காவது, “எது சிறந்தது?” என்று கேளாமல், “என்ன கேட்டாய்?” என்று கேளுங்கள். முதல் வினா குழந்தையை நீதிபதி ஆக்குகிறது. இரண்டாவது வினா அதனை மாணவன் ஆக்குகிறது.

ஐந்தாவது, குழந்தை கொண்டுவரும் பாட்டையும் நீங்கள் கேட்கவேண்டும். மகன் விரும்பும் திரைப்பாட்டைத் தந்தை பத்து நிமிடம் மெய்யாகவே கேட்டால், தந்தை விரும்பும் கீர்த்தனையை மகனும் பத்து நிமிடம் கேட்பான். ஒருவழிப் பாதையில் மரியாதை நெடுந்தூரம் செல்வதில்லை.

சிலர் இங்கே இடைமறித்து, “திரைப்பாட்டை வீட்டிற்குள் விடவே கூடாது, நல்லதை மட்டும் கேட்பித்தால் போதாதா?” என்பர். இதற்கு வானொலியின் வரலாறே விடை கூறும். 1952ஆம் ஆண்டில் டாக்டர் கேஸ்கர் நடுவண் அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். செவ்விசையை நாட்டு மக்கள் அனைவர்க்கும் அளிக்கவேண்டும் என்னும் ஆர்வம் மிக்கவர் அவர். செவ்விசைக்கென நாடளாவிய நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கியது. அது பெருநன்மை விளைத்தது. ஆனால் அதே காலத்தில் திரைப்பாட்டுகள் அகில இந்திய வானொலியினின்றும் ஏறத்தாழ மறைந்தன. விளைந்தது என்ன? கேட்போர் பாட்டைக் கைவிடவில்லை, நிலையத்தைக் கைவிட்டனர். இலங்கை வானொலியின் அலைவரிசைக்குத் திருப்பிக் கொண்டனர். பின்னர் 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி என்னும் பல்சுவை ஒலிபரப்புத் தொடங்கப்பட்டு, திரைப்பாட்டும் இடம் பெற்றது. செவ்விசைக்கு இடம் அளித்தது நற்செயல். மற்றதற்கு இடம் மறுத்ததே பயன் தராமற் போயிற்று. ஒரு நாட்டின் வானொலிக்கு இயலாதது ஒரு வீட்டுத் தந்தைக்கு இயலுமா? தடுத்த பாட்டு நிற்பதில்லை. அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. நாமும் அதைக் குழந்தையோடு கேட்கும் வாய்ப்பை இழக்கின்றோம்.

இதற்கு நேர்மாறான பிழையும் ஒன்று உண்டு. அஃது இசையை மருந்தாகக் கொடுப்பது. மொட்சார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று ஒரு பேச்சு உலகெங்கும் பரவிற்று. அதன் தொடக்கம் 1993ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சி. அதில் கலந்துகொண்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மொட்சார்ட்டின் இசையைக் கேட்டபின், வடிவங்களை மனத்தில் மடித்து விரித்துப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் அவர்கள் சிறிது மேம்பட்டனர். அம் மேம்பாடும் கால்மணி நேரத்திற்குள் மறைந்தது. இவ்வளவே செய்தி. ஆனால் 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் செவ்விசை ஒலிப்பதிவு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவிற்கு அது வளர்ந்தது! மதிப்பெண் கூடும் என்பதற்காக இசையைக் கேட்பிக்கும் பெற்றோர், மதிப்பெண் கூடாவிடில் அதனை நிறுத்திவிடுவர். தாலாட்டினால் என்ன இலாபம் என்று எந்தத் தாயும் கணக்கிட்டதில்லை. அந்த மனநிலையே பிற இசைகளுக்கும் ஏற்றது.

செவியின் நலத்தையும் ஒரு சொல்லால் நினைவூட்டுகின்றேன். திருவிழாப் பேரொலிபெருக்கியின் அருகே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்றல் தகாது. காதில் செருகிக் கேட்கும் கருவியின் ஒலியை அதன் முழு அளவில் நூற்றுக்கு அறுபதிற்கு மேற்படாமல் வைத்தல் நலம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தாரின் அறிவுரை. உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பல இசைகளைக் கேட்டு வளர்ந்தால் தனக்குரிய இசை கெட்டுவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன். முதலாமவர் திருவாரூரில் தோன்றிய முத்துசுவாமி தீட்சிதர். அவர் இளமையில் தம் குடும்பத்தாரோடு சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்தார். அவர்களை ஆதரித்த மணலி முதலியாரின் தொடர்பால், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவைக் கேட்கும் வாய்ப்பு அவர்க்குக் கிடைத்தது. பின்னர்க் காசியில் சில ஆண்டுகள் தங்கி வடநாட்டு இசையையும் கேட்டறிந்தார். இவற்றால் அவர் இசை கெட்டதா? மேனாட்டு மெட்டுகளுக்கு நாற்பதிற்கு அணித்தான வடமொழிப் பாடல்களை அவர் அமைத்தார். பிரிட்டனின் நாட்டு வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. நோட்டுசுரம் எனப்படும் அவை இன்றும் சிறுவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. அதே கை எழுதிய பெருங்கீர்த்தனைகள் கருநாடக இசையின் சிகரங்களாக நிற்கின்றன. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ வயலினைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்க்க இயலுமா?

இரண்டாமவர் நம் காலத்தவர். 1943ஆம் ஆண்டில் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மக்கள் பாட்டில் வளர்ந்தவர். பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் கற்றார். கருநாடக இசையையும் பயின்றார். 2005ஆம் ஆண்டில் திருவாசகத்திற்குப் பல்கருவி இசை அமைத்தார். 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவருடைய சிம்பொனி அரங்கேறிற்று. வயற்காட்டு மெட்டு அவரை விட்டு அகலவே இல்லை. வேரூன்றிய மரமே பல திசைக்கும் கிளை விரிக்கும்.

இனி, இப்பொருளில் எல்லாவற்றினும் முதன்மையானது என்று நான் கருதுவதைக் கூறுகின்றேன். ஒரு குழந்தையிடம் “இதுவும் ஓர் இசையா?” என்று ஒரு பெரியவர் ஏளனமாகக் கூறும்போது, அவர் இசையைப் பற்றி மட்டும் பேசவில்லை, அதனை இசைக்கும் மக்களைப் பற்றியும் பேசிவிடுகின்றார். குழந்தை இரண்டையும் கற்றுக்கொள்கிறது.

பல ஆண்டுகட்கு முன், சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், தத்தம் வீட்டிலோ தெருவிலோ வழங்கும் இசைக்கருவியைப் பற்றிப் பத்து வரி எழுதுமாறு பணித்தேன். ஒரு மாணவன் வெறுந்தாளைக் கொடுத்தான். அவன் தந்தை அவ்வட்டாரத்தில் பெயர்பெற்ற பறைக் கலைஞர். தனியே அழைத்துக் கேட்டபோது, “அது வாத்தியத்தில் சேராது, ஐயா” என்றான். யாரும் அவனுக்கு அதனைப் பாடமாக நடத்தவில்லை. ஊரின் முகக்குறிப்பிலிருந்து தானே கற்றுக்கொண்டிருந்தான். தொல்காப்பியர் பறையை நிலந்தோறும் வைத்துப் பேசியதை மறுநாள் வகுப்பில் விளக்கினேன். அடுத்த வாரம் அவன் தந்தையாரைப் பள்ளிக்கு அழைத்தோம். அவர் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றும் முறையையும், அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரண்டும் வெவ்வேறு ஒலி எழுப்பும் முறையையும் காட்டினார். மிருதங்கம் பயின்ற மாணவன் ஒருவன் அவர் வாசித்த அடவைக் கையில் எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாசிக்குமாறு வேண்டினான். அன்று மாலை, அந்த வெறுந்தாளைத் திருப்பித் தரும்படி அம் மாணவன் என்னிடம் வந்து கேட்டான்.

அத்தாளில் அவன் எழுதியது பத்து வரிகளுக்கு மேற்பட்டது. 2025ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்த செய்தியைக் கேட்டபோது, இத்தகைய வெறுந்தாள்கள் இன்னும் எத்தனை பள்ளிகளில் இருக்கின்றனவோ என்று எண்ணினேன். அரசு தரும் விருது ஒருவர்க்குப் பெருமை சேர்க்கும். ஆனால் ஒரு சிறுவன் தன் தந்தையின் கருவியைப் பெயர் சொல்லி அழைக்கக் கூசாதிருக்கும் நாள், அடுத்த வீட்டுப் பெற்றோர் தம் குழந்தைக்கு அக் கருவியை எப்படி அறிமுகம் செய்கின்றனர் என்பதைப் பொறுத்தே வரும்.

மாணவ நண்பர்களே, தாய்மொழியை ஆழக் கற்றவன் பிறமொழிகளையும் மதித்துக் கற்பது போல, ஓர் இசையில் வேரூன்றிப் பல இசைகளுக்குச் செவி கொடுப்பதே நன்னெறி. அனைத்தையும் ஒரே அளவு விரும்பவேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த இயலாது. விருப்பம் அவரவர் உரிமை. கேளாமலே வெறுப்பது மட்டும் எவர்க்கும் உரிமை அன்று. இந்த வாரம் உங்கள் தம்பியையோ தங்கையையோ அருகில் அமர்த்திக்கொண்டு, நீங்களே இதுவரை கேட்டறியாத ஓர் இசையைப் பத்து நிமிடம் கேளுங்கள். கேட்டு முடித்தபின், “என்ன கேட்டாய்?” என்று வினவுங்கள். அக்குழந்தை கூறும் விடையையும் பொறுமையாகக் கேளுங்கள்.